வாரேனா, போறேனா

"எனக்கு ஏன் இல்லை?"

மாசிலாமணி கேட்டே விட்டார். ராத்திரி சாப்பிடவில்லை. காலையிலும் சாப்பிடவில்லை. அப்புறம்தான் கேட்டார்.

உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எது இல்லை அண்ணாச்சி?"

"சாட்சி."

"இந்த வருசம் அதை நம்ம குத்தாலம் பய சொல்லட்டும்னு சொன்னேன்லா."

"அதான் ஏன்னு கேக்கேன்."

கீரையில் ஒரு புழு இருந்தது. உலகம்மை அதை எடுத்து வெளியே செடியில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான்.

அது தவிட்டுச்சாமி மடம். தவிட்டைத் தவிர வேறு எதையும் தின்னாத சாமி. அவர் அடங்கி ரொம்பக் காலம் ஆகிவிட்டது. அவரைப் பார்த்தவர்கள் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை. வருசா வருசம் குருபூசை அன்று சீடர்களில் ஒருவர் சமாதிக்குப் பக்கத்தில் எழுந்து நிற்பார். சாமியின் கடைசி நாளில் நடந்ததைக் கூட இருந்து பார்த்த மாதிரி சொல்வார். அதற்குப் பெயர் சாட்சி.

பல வருசமாக அதை மாசிலாமணிதான் சொல்லிவந்தார்.

நன்றாகச் சொல்வார். அதை மறைக்கக் கூடாது. உண்மையிலேயே நன்றாகச் சொல்வார்.

சாமி ஊரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "வாரேன்" என்றார். வெளிச்சம் வந்தது. வெளிச்சம் போனதும் பார்த்தால் அவர் உட்கார்ந்திருந்த பலகை காலி.

அந்த "வாரேன்" வரும் இடத்தில் மாசிலாமணி குரலைத் தாழ்த்துவார். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள்.

வாரேன் என்றுதானே சாமி சொன்னார். அப்படியானால் வருவார். அதனால் மடத்து வாசலுக்குக் கதவே வைக்கவில்லை.

நாய் வரும். மாடு வரும். சாமி இன்னும் வரவில்லை.

குத்தாலம் மினி பஸ்ஸில் கிளீனராக இருந்தவன். போன ஐப்பசியில்தான் மடத்துக்கு வந்தான். ஒரு பாட்டும் ஒழுங்காக வராது. ஆனால் மடத்துப் பசு அவன் போனால்தான் பால் சுரக்கும். சமையல் பார்க்கும் பேச்சி அவனுக்குத்தான் அடித்தோசை வைப்பாள், முறுகலாக.

மாசிலாமணி அரிசிக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தவர். உலகம்மையைவிட வயதில் மூத்தவர். மடத்துக்கும் முன்னால் வந்தவர். உலகம்மை மடத்துக்குப் பெரியவர் ஆனபோதே அவருக்கு எரிந்தது. அதை எப்படியோ விழுங்கிவிட்டார். இதை விழுங்க முடியவில்லை. மடத்தில் அவருக்கென்று இருந்தது அந்த ஒரு நாள்தான்.

"அவன் சொன்னா எவன் அழுவான்?" என்றார்.

"அழ வைக்கவா சாட்சி?"

"பின்ன?"

"நீங்க சொல்லுதது நடந்ததா அண்ணாச்சி?"

"என்ன அம்மை இப்படிக் கேக்கிய? ஊரே சொல்லுதுல்லா."

"ஊர்கிட்ட கேட்டியளா?"

கேட்டதில்லை.

"கேட்டுட்டு வாங்க. அவனையும் கூட்டிட்டுப் போங்க. நம்புத மாதிரி எவர் கொண்டு வாராரோ, அவரே சாட்சி சொல்லட்டும்."

"ரெண்டு பேரும் ஒண்ணாவா?"

"அந்தப் பக்கம் பஸ்ஸு ஒண்ணுதானே போகுது."

போனார்கள்.

மாசிலாமணி முன் சீட்டில் உட்கார்ந்தார். குத்தாலம் பின்னால். கண்டக்டர் குத்தாலத்துக்குத் தெரிந்தவன். "என்னடே, சாமியாராப் போயிட்டியாமே" என்று தோளில் அடித்தான். அப்புறம் மாசிலாமணியிடம் வந்து, "பெருசு, கொஞ்சம் தள்ளி உக்காரும்" என்றான்.

இதுகூடவா என்று நினைத்தார் மாசிலாமணி.

முதல் ஊர். முதல் வீடு.

"தவிட்டுச்சாமி கடைசியா என்ன சொன்னாவ?"

"வாரேன்னாவ."

அடுத்த வீடு.

"வாரேன்னாவ. ஒடனே வெளிச்சம். பலகை காலி."

அடுத்த ஊர். அதே வாரேன். அதே வெளிச்சம். அதே பலகை.

மாசிலாமணிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. காலையிலிருந்து அப்போதுதான் முதல்முறையாகக் குத்தாலத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டியாடே?"

"கேட்டேன் அண்ணாச்சி."

"ஒரு சொல்லு மாறுதா?"

"மாறல அண்ணாச்சி. அதான் யோசனையா இருக்கு."

"ஒனக்கென்னடே யோசனை?"

"பஸ்ல ஒரு சண்டை நடந்தா, எறங்குதவன் ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு மாதிரி சொல்லுவான். இவிய எல்லாரும் ஒண்ணுபோல சொல்லுதாவ."

"சாமி காரியமும் பஸ் காரியமும் ஒண்ணாடே?"

"இல்லதான் அண்ணாச்சி."

இப்படிச் சட்டென்று ஒத்துக்கொள்வதுதான் அவருக்குப் பிடிக்காது. சண்டைக்காவது வரலாம். சண்டை போட்டால் அவனை வெறுப்பது சுலபம்.

அடுத்த வீட்டில் மோர் கொடுத்தார்கள். குத்தாலத்துக்குச் சொம்பு. மாசிலாமணிக்குத் தம்ளர்.

குத்தாலம் மோரைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"இத ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"எங்க மாமா" என்றார் வீட்டுக்காரர்.

"மாமாவுக்கு?"

"மடத்துல கேட்டிருப்பாரு. குருபூசையில."

அதற்கடுத்த வீட்டில் ஒரு பெண். சாணி மிதித்த காலோடு வெளியே வந்தாள்.

"யாரு சொல்லணும்? நானே காதால கேட்டேன். மடத்துல சாட்சி சொன்னாவல்லா."

சொல்லிவிட்டு மாசிலாமணியை உற்றுப் பார்த்தாள்.

"அட, நீங்கதான அது. போன வருசம் நீங்க சொன்னதக் கேட்டு நான் அழுத அழுகை இருக்கே. எங்க வீட்டுக்காரர் கேலி பண்ணுத அளவுக்கு அழுதேன்."

மாசிலாமணிக்குச் சந்தோசமாக இருந்தது. தெருமுனை வரைக்கும் இருந்தது. தெருமுனையில் நின்றுவிட்டது.

குத்தாலம் ஒன்றும் சொல்லவில்லை. "பாத்தியளா அண்ணாச்சி, நீங்க சொன்னத நீங்களே பொறுக்கிட்டு வாறிய" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

"இன்னும் ஒரு வீடு இருக்கு அண்ணாச்சி" என்றான் கொஞ்சநேரம் கழித்து.

"யாரு வீடு?"

"பிரமநாயகம் வீடு."

மாசிலாமணி நின்றார்.

கடைசிக் காலத்தில் தவிட்டுச்சாமியோடு இருந்த சீடர்கள் இரண்டு பேர். மூத்தவன் பிரமநாயகம். இளையவன் இசக்கிமுத்து. சாமி இளையவன்மேல் பிரியமாக இருக்கிறார் என்று பொறாமைப்பட்டு, கடைசி நாளில் மடத்தை விட்டு ஓடிப்போனவன் பிரமநாயகம். சாட்சியில் இதுவும் வரும். அந்த இடத்தில் மாசிலாமணி, "ஓடினான் பாரு பொறாமை பிடிச்ச நாய்" என்று தன் கையிலிருந்து ஒரு வரி சேர்ப்பார். கூட்டம் சிரிக்கும்.

"ஓடிப்போனவன் வீட்ல என்னத்தடே கேக்க?"

"ஓடுததுக்கு முன்னால ஏதாவது பாத்திருப்பார்லா."

பிரமநாயகத்தின் வம்சத்தில் இப்போது அந்த ஊரில் இருப்பது சண்பகம் மட்டும்தான். ஜாக்கெட் தைக்கிறவள். கழுத்தில் டேப்பு தொங்கியது. குத்தாலத்தைப் பார்த்து, "உள்ள வாடே" என்றாள். பின்னால் வந்த மாசிலாமணியைப் பார்த்ததும் வாசலில் கையைக் குறுக்கே வைத்தாள்.

"நீங்க வெளிய நில்லுங்க."

"ஏம்மா?"

"எங்க பாட்டன வருசா வருசம் மைக்கு போட்டு நாய்ங்கியல்லா. அன்னைக்குப் பூரா நாங்க எங்க நிக்கோம்? வெளியதான நிக்கோம். நீங்களும் கொஞ்சநேரம் நின்னு பாருங்க."

குத்தாலம் தயங்கினான்.

"நீ வாடே. ஊசியில நூல் கோத்துத் தா. எனக்குக் கண்ணு மங்குது."

உள்ளே போய்விட்டான்.

மாசிலாமணி வெயிலில் நின்றார். சன்னல் திறந்திருந்தது. தையல் மெஷின் ஓடும் சத்தம்தான் கேட்டது. பேச்சு கேட்கவில்லை. தெருவில் யாரும் வருகிறார்களா என்று பார்த்தார். பிறகு சன்னலை ஒட்டி நின்றார்.

மெஷின் நின்றது.

"பிரமநாயகப் பாட்டன் சொன்னது இது" என்றாள் சண்பகம். குரல் கொஞ்சம் உரக்கவே இருந்தது. "எங்க அப்பா வரைக்கும் வாய்வழியா வந்திருக்கு. சாமிக்குக் குளிர்காய்ச்சல். ஊர்ச்சனம்னு ஒருத்தரும் கெடையாது. இசக்கிமுத்து மடியில சாமி தலை. எங்க பாட்டன் வாசல்ல நின்னாரு. உள்ள கூப்பிடுவாவ, கூப்பிடுவாவன்னு நின்னாரு."

"கூப்பிட்டாவளா?"

"கூப்பிடல."

"வெளிச்சம் வந்துதாக்கா?"

"என்ன வெளிச்சம். வெளக்குல எண்ணெய் தீந்து, இருந்ததும் அணைஞ்சிட்டு. அந்த இருட்டுல சாமி, 'போறேன்டே இசக்கி'ன்னாவளாம். அவ்வளவுதான்."

"போறேன்னா?"

"போறேன்னுதான்."

"பாட்டன ஒண்ணும் சொல்லலியா?"

"பேரக்கூடச் சொல்லல. அதச் சொல்லிச் சொல்லித்தான் மாஞ்சாரு. என் பேரச் சொல்லலியே, என் பேரச் சொல்லலியேன்னு. பொதைச்சு முடிச்சதும் கெளம்பி வந்தவரு, அந்தப் பக்கமே பெறவு போவல. வயித்தெரிச்சல். சாவுத வரைக்கும் வயித்தெரிச்சல். மானக்கேடா இருக்கு, வெளிய சொல்லாதியன்னு வீட்ல வாயப் பொத்துவாவளாம்."

துணி வெட்டும் கத்தரிச் சத்தம் கேட்டது.

"இத நீ மடத்துல சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

"சொல்ல மாட்டேன்க்கா. சத்தியம்."

மெஷின் மறுபடி ஓடியது.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி" என்றான் குத்தாலம். "சாட்சிய நீங்களே சொல்லிருங்க. நான் அம்மைகிட்ட சொல்லுதேன்."

"ஒன் பிச்சை எனக்கு வேண்டாம்டே."

"பிச்சை இல்ல அண்ணாச்சி. கூட்டத்தப் பாத்தா எனக்குத் தொண்டை அடைக்கும்."

மாசிலாமணி முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எல்லாம் இவனுக்குக் கிடைக்கிறது. கிடைப்பதை இவன் கீழே போடுகிறான். நான் குனிந்து பொறுக்க வேண்டும். இதுதான் மனதில் ஓடியது. வேறு நல்ல நினைப்பு எதுவும் வரவில்லை. வந்தது என்று எழுதினால் பொய்.

மடத்தில் மோட்டார் ரிப்பேராகி, ஒரு மெக்கானிக் வந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இவர்கள் போய் உட்காரவும் அவர் முடித்துக் கிளம்பவும் சரியாக இருந்தது. எல்லாரையும் தாண்டி வாசல் வழியாகப் போனார்.

மாசிலாமணி தான் கொண்டுவந்ததைச் சொன்னார். ஊர் ஊராகச் சொன்னார். எல்லா ஊரிலும் வாரேன்.

உலகம்மை முழுசாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "இப்பப் போனார்லா மெக்கானிக்கு, போறப்ப என்ன சொன்னாரு?" என்றார்.

"வாரேன்னாரு" என்றார் மாசிலாமணி.

"வாரேன் அம்மைன்னாரு. நானும்தான் கேட்டேன்" என்றாள் பேச்சி, அடுப்படியிலிருந்து.

உலகம்மை குத்தாலத்தைப் பார்த்தார்.

"அவருக்கு வாய் நெறைய வெத்தலை அம்மை. கையத்தான் தூக்குனாரு."

பேச்சி சிரித்துவிட்டாள். "ஆமால்லா. துப்புததுக்குத்தான அம்புட்டு வேகமாப் போனாரு."

மாசிலாமணிக்கும் நினைவு வந்தது. உப்பின கன்னம். தூக்கின கை. ஆனால் "வாரேன்" என்ற சத்தமும் காதில் இருந்தது. இப்போதும் இருந்தது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

பயத்தைவிட, இதிலும் இவன்தானா என்பது பெரிதாக இருந்தது.

"சரி" என்றார் உலகம்மை. "ஊரு சொன்னது இது. வேற?"

குத்தாலம் தரையைப் பார்த்தான்.

"நான் சொல்லுததுக்கு ஒண்ணும் இல்ல அம்மை."

"அண்ணாச்சி?"

"இல்ல."

"வேற ஒண்ணும் இல்லன்னா, இருக்கதத்தான் சொல்லணும். இந்த வருசமும் நீங்களே சொல்லிருங்க."

கிடைத்துவிட்டது. இவ்வளவுதான். இதற்குத்தான் பட்டினி கிடந்தது.

"நல்லதாப் போச்சு அண்ணாச்சி" என்றான் குத்தாலம். உண்மையிலேயே சந்தோசப்பட்டான். அவன் முகத்தில் எங்காவது ஒரு துளி பொய் இருக்கிறதா என்று மாசிலாமணி தேடிப் பார்த்தார். அகப்படவில்லை.

எழுந்தார். கிணற்றடி வரை போனார். ஒரு வாளி தண்ணீர் இறைத்தார். குடிக்கவில்லை. திரும்பி வந்தார்.

"அம்மை. ஒரு பொம்பள வேற மாதிரி சொன்னா."

"யாரு?"

"பிரமநாயகம் வீட்டுப் பொம்பள. சண்பகம்."

"ஒங்ககிட்ட சொன்னாளா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். குத்தாலம் மறுத்துப் பேச மாட்டான். சத்தியம் பண்ணியிருக்கிறான். ஒரே ஒரு ஆமாம்.

"இவன்கிட்ட" என்றார் மாசிலாமணி. "என்னைய வெளிய நிக்க வச்சிட்டா. இவனத்தான் உள்ள கூப்பிட்டா. என் மூஞ்சியக்கூட அப்புறம் பாக்கல. நான் சன்னல ஒட்டி நின்னு, திருட்டுத்தனமாக் கேட்டேன்."

அதோடு நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். காய்ச்சல், மடி, அணைந்த விளக்கு, வாசலில் நின்ற பிரமநாயகம், போறேன்டே இசக்கி. ஒன்றையும் விடவில்லை. ஒன்றையும் சேர்க்கவும் இல்லை.

குத்தாலம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சொல்லி முடித்ததும் மாசிலாமணிக்குக் கோபம் வந்தது.

"ஆனா பொய் அம்மை அது. போறேன்னு எந்த மனுசனாவது சொல்லிட்டுப் போவானா? பச்சப்புள்ள சொன்னாலே, வாரேன்னு சொல்லுடான்னு வாயில போடுதோம்."

"அப்பம், பொய் சொல்லுதவன் எந்தச் சொல்லப் போட்டிருப்பான்?"

"வாரேன்னுதான்..."

பாதியில் நின்றுவிட்டார்.

பேச்சி அடுப்பை ஊதுவதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"பிரமநாயகம் பொறாமைக்காரன் அம்மை. பொறாமைக்காரன் பேச்ச எப்படி நம்ப?"

"பொறாமைக்காரன் பொய் சொல்லியிருந்தா, சாமி தலை யாரு மடியில இருந்திருக்கும்?"

அவன் மடியில்தான். மாசிலாமணிக்கு அது தெரியாமல் இல்லை.

தூணைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். குத்தாலம் அந்த வாளித் தண்ணீரில் ஒரு சொம்பு மொண்டு வந்து பக்கத்தில் வைத்தான். அதை அவர் தள்ளிவிடவில்லை. குடிக்கவும் இல்லை.

"அப்பம் சாட்சிய யாரு சொல்ல?" என்றார்.

"நீங்கதான் அண்ணாச்சி."

"போறேன்னு சாமி சொன்னாவன்னு நான் எந்திச்சு நின்னு சொன்னா, ஊரு கல்லெடுத்து அடிக்கும் அம்மை."

"அடிக்கும்."

"கூட இருந்து பாத்தியான்னு கேக்கும்."

"கேக்கும்."

"கேட்டா என்ன சொல்ல? அங்க நடந்தது எனக்கு என்ன தெரியும்?"

உலகம்மை காலையிலிருந்து முறத்தில் கிடந்த கீரைத் தண்டைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"அது உள்ள நடந்தது. நீங்க வெளிய நின்னதச் சொல்லுங்க."